லேத் ஓடும்போது பாடிய குருவி

"பின்னால் எந்தச் சத்தமும் இல்லாமல் சுத்தமான பறவைக் குரல் வேண்டும்" என்று யாராவது கேட்டால், எனக்கு இப்போது கோபம்தான் வருகிறது. முன்பு நானும் அதைத் தேடித்தான் அலைந்தேன்.

ஓர் ஆவணப்படத்துக்காகத் தையல்சிட்டின் குரலைப் பதிவு செய்யத் திருமழிசைத் தொழிற்பேட்டைக்குப் போயிருந்தேன். ஒரு லேத் பட்டறையின் வாசலில் இருந்த முருங்கை மரத்தில், கைக்குள் அடங்கிவிடும் தையல்சிட்டுக் குருவி ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. மைக்கை நீட்டினால் ஹெட்போனில் லேத்தின் இரைச்சல்தான் முந்திக்கொண்டு வந்தது. பட்டறைக்காரரிடம் கெஞ்சினேன்.

"குருவிக்கோசரம் மிஷின நிறுத்தணுமா? இன்னாம்மா நீ!" என்று சிரித்தார். ஆனாலும் நிறுத்தினார்.

குருவியும் நிறுத்திவிட்டது.

கை கடுக்க மைக்கைப் பிடித்தபடி காத்திருந்தேன். குருவி கிளையில்தான் உட்கார்ந்திருந்தது, வாயைத் திறக்கவில்லை.

"எனக்கு வேல கீதும்மா" என்று அவர் மறுபடி லேத்தை ஓடவிட்டார். உடனே, அந்தச் சின்ன உடம்பு முழுக்க அதிர, இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திக் கத்தியது குருவி.

"பாத்தியாம்மா, என் மிஷினோட சண்டைக்கு நிக்குது!"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அப்படியே பதிவு செய்தேன்.

இயக்குநர் கேட்டுப் பார்த்துவிட்டு, "லேத் சத்தத்த எடுத்துடுங்க" என்றார். மாட்டேன் என்றேன்.

"அப்போ வேற ஆளப் பாத்துக்கறேன்."

"பாத்துக்குங்க" என்று எழுந்து வந்துவிட்டேன்.

அதில் எனக்கு வருத்தமே இல்லை. லேத்தை எடுத்துவிட்டால், அந்தக் குருவி எதை எதிர்த்து அவ்வளவு கத்தியது என்று கேட்பவர்களுக்கு எப்படித் தெரியும்?