பலகையில் இருந்த அம்மா பெயர்

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும், மன்னியுங்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். இன்று பூந்தமல்லி பஸ் நிலையத்தில் ஒரு கூல்ட்ரிங்ஸ் பிரிட்ஜைத் திறந்தபோது வந்த குளிர்ந்த ரப்பர் வாசனை, பட்டாபிராம் ரயில் கேட் பக்கத்தில் அப்பா நடத்தி, பிறகு இடிபட்டுப்போன இட்லிக் கடைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. வாசலில் தகரப் பலகை. அதில் இறந்துபோன அம்மாவின் பெயரில் 'சகுந்தலா டிபன் கடை'. நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் பெயர் அதுதான்.

கடைக்குப் பழைய கூல்ட்ரிங்ஸ் கம்பெனி தந்திருந்ததைவிடப் பெரிய பிரிட்ஜை இன்னொரு கம்பெனி இலவசமாகத் தந்தது. அவர்கள் பாட்டிலைத்தான் வைக்க வேண்டும், அவர்கள் பலகையைத்தான் மாட்ட வேண்டும். வந்த பலகை முழுக்க பாட்டில் படம்.

"இன்னா நைனா, என் ஊட்டுக்காரி பேரு எங்க?" என்று அப்பா கேட்டார்.

"பேரப் பாத்தா இட்லி துன்ன வராங்க? அடுத்த போர்டுல போட்டுக்கலாம் அண்ணாத்தே" என்று சிரித்த கம்பெனி ஆள், பழைய பலகையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அதன்பிறகு தினமும் தோசைக்கல் காய்வதற்குள் அப்பா ஸ்டூலில் ஏறி, பாட்டில் படத்தின் ஓரத்தில் சாக்பீஸால் அம்மா பெயரை எழுதுவார். சரக்கு இறக்க வரும்போதெல்லாம் அந்த ஆள் ஈரத்துணியால் துடைப்பார். மறுநாள் அப்பா மறுபடி எழுதுவார். கை நடுங்கத் தொடங்கியபோது, "நீ எழுதுடா" என்றார். தெருவே பார்க்குமே, பிழையாகிவிடுமே என்ற கூச்சத்தில் மாட்டேன் என்றேன். பிறகு அங்கே பாட்டில் மட்டும்தான் இருந்தது.

சகுந்தலா. எழுதிவிட்டேன், அப்பா.

ஆடி அமாவாசை, வியாழக்கிழமை.