கோடாரிக்காரன் படமும் மாமா சொன்ன கதையும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டில் கொலைகள் ஆரம்பமாகிவிடும். எல்லாம் டிவியில் வருகிற, தமிழில் பேசுகிற இங்கிலீஷ் படங்கள். முகமூடி போட்ட ஒருவன் கோடாரியோடு வந்து ஒவ்வொருவராக வெட்டிச் சாய்ப்பான். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பாயில் ஒருக்களித்துப் படுத்து ரசித்துப் பார்ப்பார். அவர் ஆரம்பாக்கத்தில் எங்களோடுதான் இருந்தார். கும்மிடிப்பூண்டியில் தகடு வெட்டுகிற கம்பெனி ஒன்றில் காண்டிராக்ட் வேலை. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் வீட்டில் இருப்பார் என்பதால் நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

பயமா? எனக்குக் கோபம்தான் வரும். வெட்டு விழுந்தது இடது தோளில், அடுத்த காட்சியில் ரத்தம் வலது தோளில் வழிகிறது. வெறுங்காலோடு காட்டுக்குள் ஓடியவள் ஆற்றங்கரைக்கு வரும்போது பூட்ஸ் போட்டிருக்கிறாள். இவள் தலைதெறிக்க ஓடுகிறாள், அவன் கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி நடந்து வருகிறான், கடைசியில் அவன்தான் முன்னால் போய் நிற்கிறான்! எந்த ஊர் நியாயம் இது? யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்?

"ஏய், அது படம்டி. அதுல போயி ஞாயம் கேட்டுக்கினு கீற," என்று மாமா சிரிப்பார். ஆனால் நான் பிடித்த தப்புகளையெல்லாம் கூட வேலை செய்கிறவர்களிடம் பெருமையாகச் சொல்வாராம். அம்மாதான் சொன்னாள்.

ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், மாமா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். இடது கையில் பெரிய கட்டு. இரண்டு விரல் போய்விட்டது என்று அம்மா அழுதாள். எதிரே நாற்காலியில் வெள்ளைச்சட்டை போட்ட ஒருவர். மாமாவை வேலைக்குச் சேர்த்துவிட்ட காண்டிராக்டர். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். இரண்டு விரலுக்கு ஒரு கிலோ ஆப்பிள்! இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நடந்ததை அவர்தான் சொன்னார். வேலைக்கு வருகிற வழியில் மாமாவின் பைக் மணலில் சறுக்கி, கை லாரிச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டதாம்.

மாமாவின் பைக்கா? அது பஞ்சராகி எங்கள் வாசல் முருங்கை மரத்தில் சாய்ந்து நிற்கிறது. காலையில் அவர் கம்பெனி வேனில் ஏறிப் போனதை நானே பார்த்து டாட்டா காட்டியிருக்கிறேன்.

"மாமா வண்டி இங்கதான கீது? அப்றம் எப்டி உழுந்தாரு?" என்றேன்.

"அது... ஃப்ரெண்டு வண்டி பாப்பா," என்றார் காண்டிராக்டர்.

"இப்பதான மாமா வண்டின்னீங்க? சட்டைல மண்ணே இல்ல. முட்டி கூட சிராய்க்கல!"

அவர் என்னை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். "பாப்பா வக்கீலாட்டம் பேசுதும்மா. சொல்லி வைங்க. மிஷின்ல அடிபட்டதுன்னு வெளிய பேச்சு போனா, அப்றம் தம்பிக்கு இந்தப் பக்கம் எந்தக் கம்பெனிலயும் வேலை கெடைக்காது."

ஆக, மிஷின்தான்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "மாமா, நீயே சொல்லு மாமா," என்று அவர் தோளை உலுக்கினேன்.

மாமா சுவரைப் பார்த்தார். "வண்டிலதான்டி உழுந்தேன்."

"பொய்!" என்று கத்தினேன். அதுவரை என்னை அடித்தே அறியாத அம்மா பளாரென்று ஓர் அறை விட்டு உள்ளே இழுத்துப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா டிவியைப் போட்டுவிட்டு, "வாடி, தப்பு கண்டுபுடிக்க ஆளே இல்ல," என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. பொய் சொல்கிற ஆளோடு உட்கார்ந்து என்ன படம் வேண்டிக்கிடக்கிறது என்று ரோஷத்தோடு கொல்லையில் நின்றுகொண்டேன். இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார், பிறகு விட்டுவிட்டார்.

காண்டிராக்டர் மேல் வரவேண்டிய கோபம் முழுக்க மாமா மேல் போயிற்று. அந்தப் பொய் அவருடையது இல்லை, அவர் வாயில் திணித்தது என்று பிரித்துப் பார்க்கிற வயதில்லை எனக்கு. எங்கள் தெருவில் விரல் போனவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். எப்படிப் போனது என்று யார் கேட்டாலும், எல்லாரும் வண்டியிலிருந்து விழுந்ததாகத்தான் சொல்வார்கள். அவர்களில் ஒருவரான எதிர்வீட்டுப் பெரியப்பாவுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. மாமாவை அப்படிக் குடைந்த நான், அவரிடம் ஒருநாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை.