டைரிக்குள் போன தாள்

"செவ்வாய், காலை 11.40. வெள்ளையனுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் எடுத்தாயிற்று. ரத்தம் அதிகமில்லை. அறிவுரைத் தாள் ஒன்று இணைக்கப்பட்டுள்ளது."

இது என் டைரிக் குறிப்பு. கடைசி வரியைப் பாருங்கள்... இணைக்கப்பட்டுள்ளதாம்! பல் போனவர் கையில் இருக்க வேண்டிய தாளுக்கு என் டைரியில் என்ன வேலை?

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். பஸ் டிக்கெட், ரசீது, நோட்டீஸ் — காகிதம் எதுவாக இருந்தாலும் தேதி போட்டு ஒட்டிவிடுவேன்.

வெள்ளையன் மலைமேல் கரியாலூர் பக்கம் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். என் பல வருட நண்பர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஒரே மகளுக்கு நிச்சயதார்த்தம். பெண் கொடுக்கச் சம்மதம் என்று அப்பா சபையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் தட்டு மாற்றுவார்கள். சொத்தைப் பல் வலியோடு எப்படிச் சொல்வது? முன்கூட்டியே எடுத்துவிடலாம் என்று அவரைக் கள்ளக்குறிச்சிக்கு வரவழைத்தது நான்தான்.

பல் எடுத்ததும் நர்ஸ் தாளை என்னிடம் தந்து, "நீங்களே அவருக்குப் படிச்சுச் சொல்லிடுங்க சார்" என்றார். தலையாட்டினேன். மாத்திரையை வெள்ளையன் பையில் வைத்தேன். தாள் என் பைக்குப் போனது. மலைக்குப் போகும் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது... ஏற்றி அனுப்பிவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததுமே, கடித்துக்கொள்ளச் சொல்லி வாயில் வைத்த பஞ்சை எடுத்து எறிந்திருக்கிறார். வளைவுக்கு வளைவு ஜன்னல் வழியே துப்பியிருக்கிறார். வீட்டுக்குப் போனதும் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்திருக்கிறார். அதற்கு மேல் ஒரு பீடி.

வெள்ளிக்கிழமை அவர் மனைவி செல்லம்மா போன் செய்தார். "காதுக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி இருக்குதாம் சார். தாடை வீங்கிக்கினே போவுது. வாயத் தொறக்க முடியல. இன்னா பண்றது?"

அப்போதுதான் அந்தத் தாளைப் படித்தேன். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து மூடிபோல நிற்கும். புண்ணை ஆற்றுவதே அதுதான். பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளியே தெரியும், வலி உயிரை எடுக்கும். ஆகவே பஞ்சை ஒரு மணி நேரமாவது கடித்திருக்க வேண்டும். ஒரு நாளைக்குத் துப்பவோ கொப்பளிக்கவோ கூடாது. உப்புத் தண்ணீர் மறுநாள்தான், அதுவும் மெதுவாக. உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. பீடி, சிகரெட் பக்கமே போகக் கூடாது. மூன்றாம் நாள் வலி குறையாமல் கூடினால் உடனே டாக்டரிடம் வர வேண்டும்.

படிக்க இரண்டு நிமிடம் ஆகவில்லை.

சனிக்கிழமை அவரை மறுபடி அழைத்து வந்தேன். டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைத்தார். வலி தணிந்தது. வாய் மட்டும் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் வெள்ளையன் தாடையைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரப்புத் தகராறில் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன், அவருக்குப் பதிலாகச் சம்மதம் சொன்னார். தட்டு மாறியது.

பத்து நாள் கழித்துப் போய் மன்னிப்புக் கேட்டேன். வெள்ளையன் சிரித்தார். "வுடுங்க சார். தாளு இருந்திருந்தா மட்டும் இன்னா? நான் பீடிய வுட்டிருப்பனா?"

செல்லம்மா சாமை புடைப்பதை நிறுத்தாமல் சொன்னார்: "வுட்டிருப்பாரு சார். பொண்ணுக்காவ வுட்டிருப்பாரு."

தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

ஒன்று மட்டும் பாக்கி. அண்ணன் பேசிய அதே நேரம் துண்டுக்குள் தானும் சம்மதம் சொன்னதாக வெள்ளையன் சொல்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பேரைக் கேட்டுவிட்டேன்; யார் காதிலும் விழவில்லை. மகளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. "உறுதி செய்யப்படவில்லை" என்றே எழுதி வைத்திருக்கிறேன்.