பக்கத்துக் கோட்டைக்காரர்

மாமாவின் போன் இன்னும் சமையலறை ஜன்னலோரத்துப் பிளக்கில்தான் சார்ஜ் ஆகிறது. புத்தகம் மாதிரித் திறந்து மூடும் பழுப்பு உறை, அதைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட், கண்ணாடியின் வலது மூலையில் ஒரு கீறல். மாமா என்றால் என் மாமனார். காலையில் எழுந்து பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்ததும் நான் தொடுவது என் போனை இல்லை, அதைத்தான். ரப்பர் பேண்டைக் கழற்றி விளையாட்டைத் திறந்தால் மலைச்சரிவில் ஒரு கோட்டை தெரியும். அதை ஒட்டினாற்போல் இன்னொன்று. முதலாவது அவருடையது, இரண்டாவது என்னுடையது. அவருடைய வயல்களில் விளைந்து கிடக்கும் கோதுமையை விரலால் தடவிக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டுத்தான் காபிக்கு அடுப்பைப் பற்றவைப்பேன். நெடுநாள் யாரும் திறந்து பார்க்காத கோட்டையை அந்த வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். அது நடக்க நான் விடப்போவதில்லை.

நான் குடியாத்தத்துப் பெண். வேலைக்காகப் பெங்களூர் வந்தவள். என் கணவர் குடும்பம் மூன்று தலைமுறையாக லிங்கராஜபுரத்தில் இருக்கிறது. மாமா கர்நாடக அரசு உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். மகனுக்குச் சொந்தத்தில் பெண் பார்த்து வைத்திருந்தார். நாங்கள் இருவரும் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாலையோடு போய் நின்றோம். அவர் கத்தவில்லை, வெளியே போ என்று சொல்லவில்லை. மாலையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே முன்னால நின்னு செஞ்சு வெச்சிருப்பேன்" என்றார். அதோடு சரி. அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. நான் வருவதற்கு முன்பே அத்தை இறந்துபோயிருந்ததால், நடுவில் நின்று சமாதானம் செய்ய வீட்டில் வேறு ஆளும் இல்லை.

பேச்சு இல்லை என்றால் முழு மௌனம் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் பேசிக்கொண்டேதான் இருப்பார், என்னிடம் மட்டும் பேச மாட்டார். "காபியில சக்கரை ஜாஸ்தி ஆனா யாரு குடிப்பாங்க?" என்று மின்விசிறியைக் கேட்பார். நான் அடுப்பைப் பார்த்து, "சுகர் டெஸ்ட் பண்ணிக்காதவங்களுக்குக் கம்மியாத்தான் போடணும், அப்பவும் ஜாஸ்தியா?" என்பேன். என் கணவர் வீட்டில் இருந்தால், "உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லு" என்று தகவல் அவர் வழியாக வரும். நான் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல். கடைசியில் அழுகைதான் வந்தது. எனக்கு அந்த வீட்டில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அவர் என் முகத்தைப் பார்த்து, திட்டுவதற்காகவாவது, ஒரு தடவை வாயைத் திறக்க வேண்டும்.

இந்த நிலைமையில் என் கணவரை ஆபீசில் சில மாதங்களுக்குப் பூனாவுக்கு அனுப்பினார்கள். தூது போக இருந்த ஒரே ஆளும் போயாயிற்று. கிளம்புவதற்கு முன் அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று அந்த விளையாட்டை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தார். பழைய காலத்து ராஜ்ஜியம் கட்டும் விளையாட்டு. ஒரு துண்டு நிலம் கொடுப்பார்கள். வயல், மரம், கல் என்று சேர்த்து, கோட்டை கட்டி, படை திரட்டி, அக்கம்பக்கத்து அரசர்களோடு கூட்டணி வைத்துப் பிழைக்க வேண்டும். அதைத் தமிழிலும் கன்னடத்திலும் கொண்டுவந்த கம்பெனியில்தான் எனக்கு வேலை. புதிதாக வருகிறவர்களுக்குத் திரையில் வரும் குறிப்புகளைத் தமிழில் எழுதுவது நான்தான். இது மாமாவுக்குத் தெரியாது. மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று தெரிந்துகொள்ளவும் பேச வேண்டுமே! என் கணவர் எங்கள் மூவரையும் ஒரே கூட்டணியில் சேர்த்து, மாமாவின் கோட்டையை என் கோட்டைக்குப் பக்கத்திலேயே நட்டுவைத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

சிங்கம், புலி, எமன் என்று ஆளாளுக்குப் பெயர் வைத்துக்கொண்டு திரியும் அந்த உலகத்தில், மாமா மட்டும் இனிஷியலோடு தன் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'ரிட்டையர்டு' என்றும் சேர்த்துக்கொண்டார். புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு ஒன்றைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. முதல் சில நாட்களுக்குக் கோட்டையைச் சுற்றி ஷீல்டு என்று ஒரு பாதுகாப்பு வளையம் இருக்கும், எவரும் தொட முடியாது. அந்த நாட்களில் வயலையும் களஞ்சியத்தையும் பெருக்க வேண்டும். இவர் அரண்மனையைப் பெரிதாக்கினார். அரண்மனை பெரிதானால் பெரிய எதிரிகளின் கண்ணில் படுவோம். முதல் ஷீல்டு முடிந்த பிறகு அதைத் தினமும் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். இவர் போடவில்லை, அன்றே வந்து வாரிக்கொண்டு போனார்கள். களஞ்சியத்துக்குள் கொள்ளுமளவு தானியம்தான் கொள்ளைக்குத் தப்பும், மிச்சத்தை அன்றன்றே செலவழித்துவிட வேண்டும். இவர் உத்தியோகத்தில் இருந்தவர் இல்லையா, செலவழிக்க மனசு வராமல் வெட்டவெளியில் குவித்துவைத்தார். அதுவும் போயிற்று.

அதற்குப் பிறகு அவர் செய்ததை இந்த உலகத்தில் வேறு எவரும் செய்திருக்க மாட்டார்கள். கொள்ளையடித்தவனுக்கு விண்ணப்பம் எழுதினார். 'மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் இன்று காலை எமது கோட்டையிலிருந்து எடுத்துச் சென்ற கோதுமையை உடனடியாகத் திருப்பி அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அதோடு விடாமல், எல்லோருக்கும் தெரியட்டும் என்று அதன் நகலைக் கூட்டணியின் சாட்டிலும் போட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு ஆபீஸ் பஸ்ஸில் புரையேறிவிட்டது. கொள்ளைக்காரன் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டு மறுநாளும் வந்தான்.

அன்று சாயங்காலம் மாமா கொதித்துப்போய், கன்னடமும் கலந்து சாட்டில் எழுதினார்: "இந்தக் குறிப்பெல்லாம் எவன் எழுதினான்? பாதி சொல்றான், பாதி முழுங்கறான். களஞ்சியம் கட்டுங்கறான், ஏன் கட்டணும்னு சொல்லலை. சும்னே கட்டு கட்டுன்னா?" நான் அறையில் இருந்தேன், அவர் ஹாலில். நடுவில் ஒரு சுவர். "நான்தான் மாமா எழுதினேன்" என்று தட்டி அனுப்பிவிட்டேன். ஹாலில் டிவி சத்தம் நின்றது. அப்புறம் நாற்காலி நகரும் சத்தம். சரி, இதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது திரையில் ஒரு வரி வந்தது. "அப்போ முழுசா எழுது."

நான் முழுசாக எழுதினேன். மறுநாளே ஆபீசில் உட்கார்ந்து ஒவ்வொரு குறிப்புக்கும் ஏன், எதற்கு என்று சேர்த்தேன். எழுதியதைச் சாட்டில் மாமாவுக்கு அனுப்புவேன். அவர் படித்து, "புரியல, மறுபடி" என்பார், அல்லது "ஆ, இது சரி" என்பார். "முதலில் நீங்களாகப் போய் யாரையும் தாக்காதீர்கள்" என்று நான் எழுதியதற்கு, "ஏன்? அவன் மட்டும் வரலாமா?" என்று கேட்டார். தாக்கினால் நம்முடைய ஷீல்டு உடைந்துவிடும் என்று விளக்கினேன். "அதைச் சொல்லு முதல்ல" என்றார். அவருக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரிந்தது. புதிதாக வந்தவர்கள் நடுவில் விட்டுவிட்டு ஓடுவது குறைந்தது என்று எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். பாராட்டில் பாதி லிங்கராஜபுரத்துக்குப் போக வேண்டியது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மெல்ல அந்தச் சாட்டில் வீடே குடியேறிவிட்டது. "குதிரைப்படைக்கு முன்னால் ஈட்டிக்காரர்களை நிறுத்துங்கள்" என்று நான் எழுதுவேன். "நிறுத்தியாச்சு. ரசத்தில் உப்பு இல்லை" என்று பதில் வரும். "கேஸ்காரன் வந்தான். வடக்கு மதில் பலவீனம்" என்று ஒரே மூச்சில் எழுதுவார். பூனாவில் இருந்த என் கணவர் அதையெல்லாம் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மையை அனுப்புவார். ஆனால் போனைக் கீழே வைத்துவிட்டால் பழைய கதைதான். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். அவர் கண் மின்விசிறியில், என் கண் தட்டில். கோட்டைக்குள் மாமா மருமகள், வீட்டுக்குள் யாரோ எவரோ. எழுத்தில் இவ்வளவு பேசுகிற மனுஷனுக்கு வாயில் ஒரு வார்த்தை வரவில்லையே என்று ஆத்திரமாக வரும்.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை என்னால் எழுந்திருக்க முடியவில்லை. முந்தின நாளே காய்ச்சல். மாத்திரை போட்டால் போய்விடும் என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி, கண்ணைத் திறந்தால் அறை சுற்றியது. வெளியே மாமா டம்ளரை மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். காபி வரவில்லை என்பதற்கு அதுதான் அவர் பாஷை. என்னால் பதில் கொடுக்க முடியவில்லை. இன்னொரு தடவை தட்டினார். பிறகு என்ன ஆயிற்று என்று அவரே எனக்குப் பின்னால் சொன்னார். கோபித்துக்கொண்டு அறைக்குள் இருக்கிறாள் என்று முதலில் நினைத்திருக்கிறார். போனைத் திறந்திருக்கிறார். என் கோட்டையைச் சுற்றி ஷீல்டு இல்லை. அதைத் தினமும் காலையில் புதுப்பிக்க வேண்டும், நான் ஒருநாள்கூட மறந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். வயல்கள் எரிந்துகொண்டிருந்தன, இன்னும் இரண்டு படைகள் மலையேறி வந்துகொண்டிருந்தன. கோபமாக இருந்தாலும் கோட்டையை விடுகிறவள் இல்லையே இவள் என்று அவருக்குத் திக்கென்றிருக்கிறது. தன்னிடம் இருந்த படையை என் கோட்டைக்கு அனுப்பிவிட்டு எழுந்து வந்திருக்கிறார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் குரல். "எழுந்திரும்மா. உன் கோட்டை எரியுது."

காய்ச்சலில் ஏதோ கேட்கிறது என்றுதான் நினைத்தேன். மறுபடியும் அதே குரல், இந்தத் தடவை உடைந்துபோய்: "கண்ணு, கதவைத் தொறம்மா." சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தேன். அவர் மின்விசிறியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நெற்றியில் கை வைத்தார். "ஐயோ, அடுப்பு மாதிரி கொதிக்குது, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று திட்டினார். யார் யாரைப் பார்த்து எதைக் கேட்பது! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பனியனுக்கு மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். பிரேசர் டவுன் ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு எழுதுகிற பெண், நோயாளி உங்களுக்கு என்ன வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டாள். "நம்ம சொஸெ" என்றார். எங்கள் வீட்டு மருமகள். அதைச் சொல்ல அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

டெங்கு என்றார்கள். குளுகோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது, பொழுது போகாமல் அவர் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தேன். என் கோட்டையின் வாசலில் அவருடைய ஈட்டிக்காரர்களும் குதிரைக்காரர்களும் வரிசையாக நின்றார்கள். வந்தவர்கள் தோற்று ஓடியிருந்தார்கள். பக்கத்தில் அவர் கோட்டை ஒரே புகை. மதில் இடிந்து, களஞ்சியம் காலியாகி, அவர் ஆசை ஆசையாகப் பெரிதாக்கிய அரண்மனையின் கூரை எரிந்துகொண்டிருந்தது. காவலுக்கு ஓர் ஆளைக்கூட அவர் நிறுத்திக்கொள்ளவில்லை, அவசரத்தில் தன் ஷீல்டையும் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கும் மற்ற எல்லோருக்கும் நான் எழுதி வைத்திருந்த முதல் விதியே 'படை முழுவதையும் வெளியே அனுப்பாதீர்கள்' என்பதுதான். அதை மட்டும் அவர் ஒரே தடவையில் புரிந்துகொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் ஏன் மாமா அனுப்பினீங்க? பாதி போதாதா?"

"பாதி அனுப்பி அது பத்தலைன்னா?" என்றார். பையிலிருந்து ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். "விதி எழுதினவளே படுத்துக் கிடக்கா. அப்புறம் விதியை வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?"

அதற்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்தது நல்ல நீளமான காலம். விட்டுப்போன பேச்சையெல்லாம் வட்டியும் முதலுமாகப் பேசித் தீர்த்தோம். சண்டையும் போட்டோம், சாதாரணச் சண்டை இல்லை. அவர் கோட்டையை மறுபடி அடியிலிருந்து கட்டினோம். இந்தத் தடவை வயல் முதலில், அரண்மனை கடைசியில். நானும் என் அப்பாவிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன். எனக்கு அந்த வீட்டில் ஓர் இடம் கிடைத்தது என்றால் அது அவர் அன்று கதவைத் தட்டியதால்தான். அதற்கு அவருக்கு நான் நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மின்விசிறியைப் பார்த்து, "இவளுக்கு என்னாச்சு?" என்று கேட்டிருப்பார்.

போன மழைக்காலத்தில் மாமா போய்ச் சேர்ந்தார். அதிகம் படுத்தவில்லை, படுக்கவும் இல்லை. காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய அன்று, சமையலறை ஜன்னலோரம் அவர் போன் சார்ஜ் இல்லாமல் கிடப்பதைப் பார்த்தேன். பிளக்கில் போட்டேன்.

நேற்று ஆபீசில் புதியவர்களுக்கான குறிப்புகளை மறுபடி திருத்தினோம். எதையெதையோ வெட்டினார்கள், மாற்றினார்கள். முதல் விதியில் யாரும் கை வைக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் கணவர் என் தோள்மேல் சாய்ந்து போனை எட்டிப் பார்த்தார். "உன் கோட்டையில ஒரு ஆள் இல்லையே! எவனாவது அடிச்சு வாரிட்டுப் போகப் போறான்" என்றார். என் படை முழுவதும் மலைச்சரிவில் பக்கத்துக் கோட்டையின் வாசலில் நிற்கிறது, மாமா போன நாளிலிருந்து. "அப்பா கோட்டைக்கு ஷீல்டு போட்டா போதாதா?" என்று கேட்டார்.

"ஷீல்டு ஒரு நாள் மறந்துபோகும்" என்றேன். ரப்பர் பேண்டை மாட்டி, மாமாவின் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போனேன்.