அறுபத்தொரு மேப்பிள் இலைகள்

மலைமேல் அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெயில் படுகிற இடம் நான்கடிக்கு ஐந்தடிதான். அதில் ஒரு மேப்பிள் கன்று வைத்தேன். கார்த்திகையில் ரோஜாவெல்லாம் மழையில் அழுகிக் கிடக்கும்போது இதன் இலை மட்டும் சிவந்து நிற்கும் என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். மூன்று கார்த்திகை போயிற்று. இலைகள் பச்சையாகவே உதிர்ந்தன. என் மனைவிக்கு அந்த இடத்தில் சௌசௌ பந்தல் வேண்டும்.

"சமைக்கவும் ஆகாது, தலையில வைக்கவும் ஆகாது. இந்தக் கார்த்திகைக்குள்ள செவக்கலேன்னா புடுங்கிருவேன்" என்று கெடு வைத்துவிட்டாள்.

முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். தினமும் காலையில் இலைகளை எண்ணினேன். மொத்தம் அறுபத்தொன்று. கார்த்திகை பத்தில் நான்கு சிவந்தன. பதினைந்தில் பத்தொன்பது. இருபத்திரண்டில் ஐம்பத்தாறு. நடுவில் தண்ணீர் டேங்க் மறைப்பதால் சமையலறையிலிருந்து மரம் தெரியாது. எல்லாம் சிவந்த பிறகு அவளை அழைத்துக் காட்டலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மூக்குக்கண்ணாடிக்குத் திருகு போடப் பெருமாள்மலைக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பினால், மரத்தில் ஐந்தே இலை. ஐந்தும் பச்சை. பக்கத்தில் என் மைத்துனர் கை கழுவிக்கொண்டிருந்தார். கவுஞ்சியில் பூண்டும் பீன்ஸும் போடுகிறவர். அக்காவைப் பார்க்க வந்திருக்கிறார்.

"என்னங்க மச்சான், இப்படி விட்டுட்டீங்க? மரம் பூராம் பீன்ஸுக்கு வர்ற துரு நோயி! ஒண்ணு விடாமக் கிள்ளிட்டேன்."

"கிள்ளினதெல்லாம் எங்கே?"

"குழி வெட்டிப் பொதச்சு, மேல சுண்ணாம்பும் போட்டாச்சுங்க. நல்ல எலை அஞ்சு கெடக்கு. அது பொழச்சுக்கும்."

சத்தம் கேட்டு வந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஏலே, நெசமாவே செவந்திருந்துச்சா?"

"மொளகாப் பழம் கணக்கா இருந்துச்சுக்கா. பார்க்கவே பயமாப் போச்சு."

நோய்க்குச் சாட்சி சொல்வதாக நினைத்து, அவர் எனக்குச் சாட்சி சொன்னார். மனைவி மசியவில்லை.

"நான் கண்ணால பார்க்கலையே. மிச்சம் அஞ்சுல மூணாச்சும் செவந்தா மரம். இல்லேன்னா சௌசௌ."

போகும்போது மைத்துனர், அடுத்த முறை மருந்து கொண்டுவந்து அடித்துவிடுவதாகச் சொன்னார். கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் என்றேன்.

கார்த்திகைக் கடைசி நாள் காலையில் மனைவி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். இரண்டு இலை முழுச் சிவப்பு. இன்னொன்றில் நடு நரம்புக்கு இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் பச்சை. மற்ற இரண்டும் துளிகூட மாறவில்லை.

"ரெண்டரை" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவள் அந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அரை வந்தா அதை ஒண்ணாச் சேர்த்துக்கிறதில்லையா? இத்தன வருசம் புள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்க?"

பார்த்தால், அரைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பட்டது. அளந்துவிடலாம் என்று உள்ளே திரும்பினேன்.

"அந்த ஸ்கேலைத் தொட்டீங்க, சௌசௌதான்" என்றாள்.