போத்தோங் வேணாம்

போன வாரம் பூச்சோங்கில் மருமகளோடு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். குளிர்பெட்டிக்குள் கோழிகள் பிளாஸ்டிக் உறையில் வரிசையாகப் படுத்திருந்தன. தலை இல்லை, கால் இல்லை. ஒன்றை எடுத்து உறைக்கு மேலேயே கழுத்துப் பக்கம் அமுக்கிப் பார்த்தேன். "என்ன அத்தை தேடுறீங்க? எல்லாம் ஃபிரெஷ்தான் லா," என்றாள். இரைப்பையைத் தேடுகிறேன் என்றால் அவளுக்குப் புரியுமா? கண்ணைப் பார்க்காமல் கோழி வாங்குவது, முகத்தைப் பார்க்காமல் மாப்பிள்ளை எடுப்பது மாதிரி. என்னை அப்படித்தான் கட்டிக்கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

எனக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. ஆனால் கோழி விஷயத்தில் அது தப்பே இல்லை. அந்தக் காலத்தில் விற்கிறவர்கள் நிறுப்பதற்கு முன் ஊறவைத்த சோளத்தைக் கோழிக்குத் தொண்டை முட்டப் புகட்டிவிடுவார்கள். ஏமாந்தால் சோளத்தைக் கோழி விலைக்கு வாங்கி வருவோம். மார்பு இறகை ஊதித் தோலின் நிறத்தைப் பார்க்க வேண்டும். அலகைப் பிரித்து மோந்து பார்க்க வேண்டும். மனிதர்களிடமும் நான் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொண்டேன்.

நாகப்பட்டினத்தில் தனியாகக் கப்பல் ஏறியவள் நான். என் வீட்டுக்காரர் கோலாலம்பூரில் ரயில் இஞ்சினுக்குக் கரி தள்ளுகிற வேலையில் இருந்தார். அழைத்துப் போக லீவு கிடைக்கவில்லை. அதே கப்பலில் வந்த நாகூர்க்காரர் ஒருவரிடம் அப்பா என்னை ஒப்படைத்தார். கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்தவர். எல்லோரும் அவரை நானா என்பார்கள், அண்ணன் என்கிற மாதிரி. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன மனிதர் என் தகரப் பெட்டியையே பார்ப்பதாக எனக்குப் பட்டது. வழி முழுக்க அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்து வந்தேன். அவர் கொடுத்த ஆரஞ்சைக்கூட, அவர் ஒரு சுளை தின்ற பிறகுதான் வாயில் வைத்தேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரைக்கும் கூடவே வந்து விட்டார் பாவம். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசலிலேயே பெட்டியைத் திறந்து, அவர் கண்ணெதிரே புடவைகளை எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தன. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

நானாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிட்டது அந்த அவமானத்தைக் கழுவத்தான். ஜப்பான்காரன் வருவதற்கு இரண்டு மூன்று வருடம் இருக்கும். "எனக்குப் பதினோரு மணி வரைக்கும் டூட்டி. முழுக் கோழியா பாத்து வாங்கு. உசுரோட கொண்டு போயி பள்ளிவாசல் லெப்பைகிட்ட குடுத்து அறுத்து வாங்கிக்க. இல்லாட்டி அந்த மனுசன் தொடமாட்டாரு. இந்தவாட்டியும் என் மானத்த வாங்கிறாத," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்க்கெட்டில் கோழி விற்ற சீனக் கிழவரிடம் மூன்று கோழிகளைத் திருப்பிக் கொடுத்தேன். நான்காவது, ஒரு சிவப்புப் பெட்டை, என் பரீட்சையில் தேறியது. கிழவர் நிறுத்துவிட்டுக் கத்தியைக் காட்டி, "போத்தோங்?" என்றார். மலாயில் வெட்டுவது என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். வேண்டாம் என்பதற்கு மலாயில் என்ன என்பதுதான் தெரியாது. "போத்தோங் வேணாம்" என்றேன். அவர் முழித்தார். புரியட்டும் என்று இன்னும் உரக்க, "போத்தோங் வேணாம், போத்தோங் வேணாம்" என்றேன். சொல்லிக்கொண்டே குனிந்தேன், ஏனென்றால் பலகைக்கு அடியில் இன்னொரு கூடை தெரிந்தது. நல்ல கோழியை அதில் போட்டுவிட்டு நோஞ்சானைத் தலையில் கட்டுவாரோ என்று எனக்குச் சந்தேகம். அடியில் இருந்தது வெறும் கூடை. நான் நிமிர்ந்தபோது என் கோழியின் கழுத்து அறுபட்டிருந்தது. அவர் காதில் விழுந்தது போத்தோங் மட்டும்தான், அதுவும் மூன்று தடவை.

இன்னொரு கோழிக்குக் கையில் காசில்லை. உண்மையைச் சொன்னால் என் வீட்டுக்காரர் அடுத்த கப்பலில் ஊருக்கு ஏற்றிவிடுவார் என்று நிஜமாகவே நம்பினேன். வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். மஞ்சள் பூசிக் கரியடுப்பில் வாட்டினேன். மிளகாயும் மல்லியும் சோம்பும் அம்மியில் வைத்து அரைத்தேன். அரைக்கும்போதே, "லெப்பைதான் அறுத்தாரு நானா" என்று அம்மியிடம் பத்து முறை சொல்லிப் பழகினேன். கறி அன்றைக்கென்று பார்த்து அப்படி வாய்த்தது. தெரு முழுக்க மணம்.

நானா எனக்கு ஒரு ரவிக்கைத் துணி கொண்டு வந்திருந்தார். பழக்க தோஷம், ஓட்டை இருக்கிறதா என்று உள்ளே போய்ப் பிரித்துப் பார்த்தேன். இல்லை. இருவரும் பாயில் உட்கார்ந்தார்கள். இலையில் சோறு போட்டேன். இதோ கேட்பார், இதோ கேட்பார் என்று காத்திருந்தேன். யார் அறுத்தது, எங்கே அறுத்தது, ஒன்றும் கேட்கவில்லை. "தங்கச்சி கை மணம் ஸ்டேஷன் வரைக்கும் வருது," என்றார். பிஸ்மில்லா சொல்லிச் சோற்றில் கை வைத்தார்.

கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். கேட்காத மனிதரிடம் எப்படிச் சொல்வது? கரண்டியைச் சட்டியிலேயே போட்டேன்.

"நானா, கறி வேணாம். இது லெப்பை அறுத்தது இல்ல. மார்க்கெட்டுலயே அறுத்துட்டாங்க. நாந்தான் மறைச்சேன்."

என் வீட்டுக்காரர் இலையை விட்டு எழுந்தார். நானா அவர் கையைப் பிடித்து இழுத்தார். "உக்காருப்பா. அதுதான் சொல்லிருச்சில்ல," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ரசம் இருக்கா தங்கச்சி?" என்றார். ரசத்தையும் அப்பளத்தையும் வைத்துக்கொண்டு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான் அடுப்படியில் நின்று அழுதேன். புறப்படும்போது, "அடுத்த மாசம் நானே அறுத்துக் கொண்டாரேன், நீ ஆக்கிப் போடு," என்றார். சொன்னபடியே வந்தார். மாதம் ஒரு ஞாயிறு, ஒரே சட்டிக் கறியை மூன்று பேரும் சாப்பிட்டோம். ஜப்பான்காரன் காலம் முடிந்து கிள்ளானுக்குப் போய்ப் பார்த்தபோது அந்தக் கடையும் இல்லை, அவரைப் பற்றிச் சொல்ல ஆளும் இல்லை.

போன தீபாவளிக்கு மகனோடு வேலை செய்கிற மலாய்க்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தங்கமான பிள்ளை, குனிந்து என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தட்டை நீட்டியதும், "கெஞாங், மாக்சிக்" என்று சிரித்தார். மாக்சிக் என்றால் அத்தை; வயிறு நிறைந்திருக்கிறதாம். டின்னில் அடைத்த பானத்தை மட்டும் குடித்தார். எனக்குக் கோபம் இல்லை. அடுப்படியில் நிற்பது என்னைப் போல ஒருத்தி என்றால் அவர் என்ன செய்வார்? அவர் கேட்டிருந்தால் கோழி வாங்கிய ஹலால் கடையைச் சொல்லியிருப்பேன். அவரும் கேட்கவில்லை. ஆனால் நானா கேட்காமல் சாப்பிட உட்கார்ந்தார்; இவர் கேட்காமல் எழுந்து போனார்.