மணி அடிக்காத ஃபைனல்

உலகத்தின் மிகப் பெரிய குத்துச்சண்டைகள் எல்லாம் கோட்டூர்புரத்தில், ஒரு மெத்தைக் கடையில்தான் நடந்தன. நிஜத்தில் நடக்காத சண்டைகள் என்பதால் வேறு எங்கும் நீங்கள் பார்த்திருக்க முடியாது. அத்தனைக்கும் மணி அடித்தது நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. எடை, ஸ்கூல் பையோடு சேர்த்து நிறுத்துப் பார்த்தால்தான் வெளியே சொல்லிக்கொள்ளும்படி இருக்கும்.

கடை, ஊரே பாய் என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவருடையது. எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்குக்கு எதிர்ச்சாரியில், பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மெத்தை தைப்பார். என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், கேஸ் சிலிண்டர் தூக்கிப் பிழைத்தவர்; கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தார். இரண்டு பேரும் இளவயதில் ஒரே மைதானத்தில் குத்துச்சண்டை பழகியவர்கள். இருவரும் ஹெவிவெயிட். எங்கள் பக்கத்தில் அந்த எடைக்குச் சாப்பிட வசதி உள்ளவர்கள் குத்துச்சண்டைக்கு வரமாட்டார்கள், குத்துச்சண்டைக்கு வருகிறவர்களுக்கு அந்த எடை வராது. ஆகவே அந்தப் பிரிவில் இவர்கள் இரண்டே பேர். முதல் சண்டையே ஃபைனல்.

அந்த ஃபைனல் அன்று பிடித்த மழையில் மேடை சரிந்து, நடத்தியவர்கள் நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிப்போனார்கள். பிறகு அது நடக்கவேயில்லை. மேடையில் தொங்கிய பித்தளை மணியை மட்டும் பாய் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அது அவர் கடையில் ஓர் ஆணியில் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அந்த மணிக்கு உயிர் வரும். மாமாவுக்குப் பிடித்தவர் பழைய காலத்து உலகச் சாம்பியன் ஒருவர். மேடையில் கால் தரையில் படாமல் ஆடுவாராம், எதிராளியை வாயாலேயே பாதி சாய்த்துவிடுவாராம். பாயின் ஆள் பின்னால் வந்தவர். கழுத்தே கிடையாது, ஒரே குத்து, எதிராளியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். முன்னவர் கையுறையைக் கழற்றியபோது பின்னவர் அரைக்கால் சட்டையில் இருந்தார். அதனால் மோதவில்லை. இப்படி மோதாமல் போனவர்கள் ஏராளம். சிலருக்குப் பிறந்த வருஷம் ஒத்துவரவில்லை, சிலருக்கு மேனேஜர்கள் ஒத்துவரவில்லை, சிலர் ஜெயிலில் இருந்தார்கள். எல்லோரையும் இவர்கள் கோட்டூர்புரத்துக்கு வரவழைத்து மோதவிட்டார்கள்.

முறை இதுதான். ஒருவர் தன் ஆள் எங்கே குத்துகிறான் என்று சொல்ல வேண்டும். நான் மணி அடிப்பதற்குள் மற்றவர் தன் ஆள் எப்படித் தப்பினான் என்று சொல்ல வேண்டும். சொல்ல வாய் வராவிட்டால் ஆள் அவுட். நான் மாமா கட்சி என்பதால் பாய் யோசிக்கும்போது மணி கொஞ்சம் சீக்கிரமே அடித்துவிடும். அதையும் மீறிப் பெரும்பாலும் பாயின் ஆள்தான் ஜெயிப்பார்.

அந்தக் கோடையில் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. நாற்காலியில் உட்காரவைத்து மூன்று மாடி இறக்கினார்கள். நாற்காலியின் முன்காலைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே படி இறங்கியவர் பாய். மாமா திரும்பி வந்தபோது பாதியாக இருந்தார்; மீதிப் பாதியும் மற்றவர்களைவிடப் பெரியதுதான். சிலிண்டர் தூக்கக்கூடாது, கோபப்படக்கூடாது என்றார்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சண்டைகள் மறுபடி தொடங்கின. இப்போது மாமாவின் ஆள் ஜெயித்துக்கொண்டே இருந்தார். பாய் தன் ஆள் தப்பிப்பதற்குள் நூலைத் தேடுவார், ஊசியில் கோப்பார், நான் மணி அடித்துவிடுவேன். என் திறமை என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். நிமிர்த்த அங்கே ஒன்றும் கிடையாது என்பது வேறு.

ஒருநாள் மாமா ஜெயித்த பிறகும் சிரிக்கவில்லை.

"இன்னா பாய், ரெண்டு மாசமா உன் ஆள் வாங்கிகினே கீறான்?"

"வயசாயிடுச்சி நைனா, அவனுக்கு."

"அவனுக்கா, எனக்கா?"

பாயின் ஊசி நின்றது. மாமா எழுந்தார். "பாவம் பாக்கறியா? நம்ம ஃபைனல் பாக்கி கீது. வர்ற ஞாயித்துக்கெயமை மொட்டைமாடில வச்சிக்கலாம்."

பாய் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "சரி நைனா. ஆனா இந்த மணி அடிக்கணும். இது அடிச்சாதான் நான் கை தூக்குவேன்." சொல்லும்போது அவர் மாமாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஒழுங்காக அடி என்று மிரட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் மாமா என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்து, அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்கு என்ன ஆகும் என்று எங்கள் பிளாக்கில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆக, சொன்னால் சத்தியம் தவறி மாமா செத்துப்போவார். சொல்லாவிட்டால் குத்து வாங்கிச் செத்துப்போவார்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது எதிர்க்கடையில் பாய் குச்சியால் பஞ்சு அடிக்கும் சத்தம் தொப் தொப் என்று கேட்கும். ஒவ்வொரு அடியும் மாமாவின் நெஞ்சில் விழுவதுபோல இருக்கும். பாயின் முன்கை என் இடுப்பைவிடத் தடிமன் என்பதை அதற்குமுன் நான் கவனித்ததில்லை. மாமாவோ பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு காற்றைக் குத்திப் பழகினார். நாலு குத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்குவது வெளியே கேட்டது. பக்கெட்டில் தண்ணீரைத் திறந்துவிட்டு அதை மறைத்தார்.

சத்தியத்தை மீறாமல் அம்மாவுக்குச் சூசகமாகத் தெரிவிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். "மாமா செத்துட்டா அவரு கட்டில் யாருக்கும்மா?" என்று கேட்டேன். அம்மா கையில் இருந்த கரண்டியாலேயே பதில் சொன்னாள். சூசகம் அவளுக்குப் புரியவில்லை.

ஞாயிறு வந்தது. அம்மா அசோக் நகரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். மொட்டைமாடியில் துணி காயும் கொடிகள்தான் மேடையின் கயிறு. ஒரு மூலையில் யாருடையதோ பாவாடை தொங்கியது. பாய் இரண்டு மெத்தைகளை விரித்திருந்தார். மெத்தைத் துணியில் அவரே கையுறைகளும் தைத்துக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொன்றும் தலையணை அளவு, பஞ்சு திணித்துத் திணித்து விரல் மடங்காது. எனக்கு அதன் பெருசுதான் தெரிந்தது.

மாமா படியேறி வந்து வெகுநேரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெளுத்திருந்தது. பிறகு மெத்தைமேல் வந்து கையைத் தூக்கினார். எதிரே பாய் கையைத் தொங்கவிட்டபடி நின்றார்.

"அடி பாப்பா" என்றார் மாமா.

மணி என் கையில் இருந்தது. அதன் நாக்கை நான் இறுகப் பிடித்திருந்தேன். விட்டால் தானாகவே அடித்துவிடும் என்று பயம். மாமாவின் சட்டைப்பை காலியாக இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். மாத்திரையைக் கீழேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

மணியோடு ஓடினேன்.

படிகளில் இறங்கும்போது நாக்கு கையை விட்டு நழுவியது. மணி கண் மண் தெரியாமல் அடித்தது. மூன்று மாடிகளிலும் கதவு திறந்து பார்த்தார்கள். ஐஸ் வண்டி என்று நினைத்து ஒரு பொடிப்பயல் காசோடு என் பின்னால் ஓடிவந்தான். ரோட்டைக் கடந்தேன். ஒளிந்துகொள்ள ஆற்றங்கரை இருக்கிறது, பிளாக்குக்குப் பின்னால் எத்தனையோ மறைவு இருக்கிறது. அத்தனையும் விட்டுவிட்டு, மணி மாட்டியிருந்த கடைக்குள்ளேயே போய்ப் பஞ்சுக் குவியலில் புகுந்துகொண்ட ஒரே திருடி நான்தான்.

சற்று நேரத்தில் இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம் கடைக்குள் வந்தது. ஒன்று மெதுவாக, இடையிடையே நின்று வந்தது. எனக்கு மூக்கில் பஞ்சு ஏறியிருந்தது. தும்மினேன். மணியும் கூடவே ஒரு தரம் அடித்தது. அவ்வளவுதான், தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எங்க போச்சின்னே தெர்ல நைனா" என்றார் பாய், எனக்கு ஒரு முழம் தள்ளி நின்று.

"ஆத்தங்கரைப் பக்கமா ஓடியிருக்கும்" என்றார் மாமா.

மறுபடி தும்மினேன். மறுபடி மணி அடித்தது.

"மணி இல்லாம இன்னா பண்றது?" மாமா கேட்டார்.

"மணி இல்லாம எப்டி? ஒக்காரு, டீ சொல்றேன்."

மூட்டை ஒன்று மாமாவின் எடையில் பெருமூச்சு விட்டது. டீ வந்தது. இருவரும் அதை உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு பாய்தான் ஆரம்பித்தார்: அவர் ஆள் இடது கையால் விலாவில் ஒன்று விடுகிறான். மாமாவின் ஆள் பின்னால் சாய்ந்து தப்பித்தார். பாய் விடவில்லை, அவர் ஆள் துரத்திக்கொண்டே போனார். பல வாரங்களுக்குப் பிறகு பாய் நூலைத் தேடாமல் சண்டை போட்டார். மாமாவின் குரல் ஏறியது, சிரிப்பு வந்தது, மூட்டை அதிர்ந்தது. மணி அடிக்க ஆளில்லாததால் அந்த ரவுண்டு முடியவேயில்லை.

அத்தனை பக்கத்தில் அடித்த மணி இரண்டு பேருக்குமே கேட்கவில்லை என்றால் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும் என்று பஞ்சுக்குள் இருந்தபடியே முடிவுக்கு வந்தேன். குத்து வாங்கி வாங்கி இருவருக்கும் காது போய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது.

அன்று சாயங்காலம், அம்மா இன்னும் வரவில்லை. அடுக்களையில் முறுக்கு டப்பாவின் மூடியை மூச்சுப் பிடித்துக்கொண்டு ஓசைப்படாமல் திறந்தேன். வாசல் அறையில் கட்டிலில் படுத்திருந்த மாமா குரல் கொடுத்தார்: "எனக்கும் ரெண்டு எட்த்தா பாப்பா."

எடுத்துப்போனேன். பாவம், காது கேட்காத மனிதர் என்று, அவர் காதில் வாயை வைத்து, "முறுக்கு" என்று கத்திவிட்டுத்தான் கொடுத்தேன்.